பொரியின் பின்னங்கால்கள்

அன்று மத்தியானச் சோற்று வேளையில் உப்பளத்தில் இருந்தவர்கள் இவர்கள்: கங்காணி பொன்னுத்துரை; தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் லிங்கத்துரை; உப்பு வாரும் ராசக்கனி; அவளுடைய நாத்தனாரும், அவளோடு சேர்ந்து வாரினாலும் இரண்டு வருஷமாக அவளோடு ஒரு வார்த்தை பேசாதவளுமான சந்தனமாரி; லாரியில் சுமை ஏற்றும் ஞானதாசன்; பாத்திகளுக்கு மடை திறந்துவிடும் தவசி; கடைசி வீட்டு இருளாயி. ஆக ஏழு பேர். உப்பு ஏற்ற வந்த லாரியின் டிரைவர் ஒருவரும் இருந்தார், ஆனால் அவர் தன் சோற்றை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தின்றதால் இந்தக் கணக்கில் வரமாட்டார். இவர்களைத் தவிர நாய் ஒன்று. அதன் பெயர் பொரி. அதற்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை.

தூத்துக்குடிக்கு வடக்கே கடலை ஒட்டிய அந்த அளத்தில், மோட்டார் கொட்டகையில் தொடங்கி உப்புப் பாத்திகள் வரைக்கும் ஒரே வரிசையில் ஏழு வீடுகள், வீட்டுக்கு ஒரு ஆள் வேலைக்கு, வேலை போனால் வீடும் போகும் என்பது ஏற்பாடு. பொரியை யாரும் கொண்டுவந்து வளர்க்கவில்லை. ஒரு மழைநாளில் லாரிக்கு அடியிலிருந்து குட்டியாக வெளியே வந்தது, யாரும் விரட்டவில்லை, இருந்துவிட்டது. மத்தியானம் ஏழு பேரும் தங்கள் தூக்குச்சட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு கைச் சோறு எடுத்து ஒரு பழைய தகர மூடியில் போட்டு, யார் வீட்டுக் குழம்பாவது ஊற்றி, ஒன்றாகப் பிசைந்து அதற்கு வைப்பார்கள். அதற்குப் பதிலாக அது காலையில் ஒரு வேலை செய்தது. வெளிச்சம் வருவதற்கு முன் கொட்டகையிலிருந்து எழுந்து வந்து முதல் வாசலில் நிற்கும். குரைக்காது, கதவைப் பிறாண்டாது, சும்மா நிற்கும். ஆள் வெளியே வந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் வாசலுக்குப் போகும், அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் வாசலுக்கு, இப்படி ஏழு வாசலும் முடிந்து ஏழு பேரும் சேர்ந்த பிறகுதான் வரப்பில் முன்னால் நடக்கும். ஆள் வராமல் அந்த வாசலை விட்டு நகராது. ஞானதாசன் ஒருமுறை மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது பூட்டிய கதவுக்கு முன்னால் சூரியன் மேலே வரும்வரை நின்றது, கடைசியில் சந்தனமாரி துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினாள், உடனே அடுத்த வாசலுக்குப் போய்விட்டது. உலகத்தில் அது பயந்தது துடைப்பம் ஒன்றுக்குத்தான்.

அன்று தகர மூடியை நக்கி முடித்துவிட்டு பொரி எழுந்தது. முன்னங்கால்கள் எழுந்தன. பின்னங்கால்கள் எழவில்லை. அது திரும்பித் தன் பின்பாதியைப் பார்த்தது, பக்கத்தில் தெரியாத ஆள் யாரோ வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது போல.

“ஏல, நடிக்காத. எந்திரி,” என்று சிரித்தான் ஞானதாசன்.

அது முன்னங்கால்களை ஊன்றி இழுத்தது. பின்னங்கால்கள் ஈரச் சாக்கு போல மண்ணில் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தன. ஞானதாசன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

“சோத்துல என்னத்தையோ போட்டிருக்கு,” என்றாள் ராசக்கனி.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் தகர மூடியைப் பார்த்தார்கள். ஏழு கைச் சோறு ஒன்றாகப் பிசைந்தது, எந்தக் கை என்று யாரால் சொல்ல முடியும்? டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, “என் வண்டி காலையிலேருந்து இதே எடத்துலதான் நிக்கி, பாத்துக்கிடுங்க,” என்றார். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதால் சந்தேகம் கொஞ்ச நேரம் அவர் மேல் ஏறி உட்கார்ந்தது. சக்கரங்களைக் குனிந்து பார்த்தார்கள். ரத்தம் இல்லை, மயிர் இல்லை. சந்தேகம் லாரியிலிருந்து இறங்கி மறுபடியும் ஏழு பேருக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்தார். எலும்பு முறியவில்லை, விஷம் மாதிரியும் தெரியவில்லை, இளம் நாய்க்கு உண்ணி கடித்தால்கூட இப்படி ஆவதுண்டு என்றார். காது மடிப்பில் இருந்த உண்ணிகளைப் பிடுங்கி எடுத்தார், ஊசி போட்டார், ஒரே பக்கமாகப் படுக்கவிடாமல் புரட்டிப் போடுங்கள், பொறுத்துப் பாருங்கள் என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் உண்ணிக்கு வீடு கிடையாது, முகம் கிடையாது, அதன் மேல் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் சந்தேகப்பட முடியும்?

அதற்கு அடுத்த நாள் விடியற்காலை பொன்னுத்துரை கதவைத் திறந்தபோது வாசலில் தடங்கள் இருந்தன. அந்த மண்ணில் எது பதிந்தாலும் பதிந்த இடத்தில் உப்பு பூத்துவிடும் என்பதால் தடங்கள் இருட்டிலும் வெள்ளையாகத் தெரிந்தன. கொட்டகையிலிருந்து நேராக வந்து, வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால் ஜோடியாக நின்றிருந்தன. முன்னங்கால் தடம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பின்னங்கால். இடது பின்னங்காலில் பொரிக்கு ஒரு நகம் கிடையாது, தடத்திலும் கிடையாது. அவர் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். பொரி சாக்கின் மேல் கிடந்தது, கால்கள் நான்கும் அதனிடம்தான் இருந்தன. அப்படியென்றால் பின்னங்கால்களில் இருந்த நடை மட்டும் கிளம்பி என் வாசலுக்கு வந்திருக்கிறது என்று பொன்னுத்துரை புரிந்துகொண்டார். அவர் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட அவருக்கு நேரம் இல்லை, ஏனென்றால் நாய் விழுவதற்கு முந்தின நாள்தான், புதிதாகத் தண்ணீர் கட்டிய பாத்தியில் இறங்கியது என்று அதன் இடுப்பில் ஓர் உதை விட்டிருந்தார். யாரும் பார்ப்பதற்குள் துடைப்பத்தை எடுத்து வாசலைப் பெருக்கினார்.

பெருக்கியதும் தடங்கள் இரண்டாம் வாசலுக்குப் போயின. கொட்டகையில் எலி மருந்து வைத்திருந்த லிங்கத்துரை அதைப் பார்த்து, மருந்தை எங்கே வைத்தோம், மூடினோமா என்று யோசித்து, யோசித்தது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்து, பெருக்கினார். மூன்றாம் வாசலில், ஊசிப்போன மீன் குழம்பைத் தகர மூடியில் கவிழ்த்திருந்த ராசக்கனி பெருக்கினாள். நான்காம் வாசலில், கருவாட்டைக் கவ்விக்கொண்டு ஓடிய நாயைப் பார்த்து “ஒன் காலு வெளங்காமப் போவ” என்று திட்டியிருந்த சந்தனமாரி தன் வாயில் ஒரு அடி போட்டுக்கொண்டு பெருக்கினாள். ஐந்தாம் வாசலில், வேடிக்கைக்காகப் பொரியை உப்புக் குவியலின் உச்சியிலிருந்து குதிக்கவைத்த ஞானதாசன் பெருக்கினான். ஆறாம் வாசலில் தவசி, தான் என்ன செய்தோம் என்று எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படாததால் மற்ற ஐந்து பேரைவிட அதிகமாகப் பயந்து, இரண்டு தடவை பெருக்கினார். ஆறு பேரும் தங்கள் வாசலுக்கு மட்டும்தான் அது வந்தது என்று நினைத்தார்கள். ஆறு பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஏழாம் வாசலில் இருளாயி அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். சாயல்குடிப் பக்கத்துக்காரி, புருஷன் போன பிறகு தனியாக வந்து சேர்ந்தவள். எட்டிப் பார்த்தாள்.

“வந்திட்டியா? செத்த நில்லு, கஞ்சியக் குடிச்சிட்டு வாறேன்.”

குடித்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு முன்னால் வரப்பின் மேல் இரண்டு இரண்டாக வெள்ளைத் தடங்கள் விழுந்துகொண்டே போயின, அவள் பின்னாலேயே போனாள்.

சற்றுத் தள்ளி வந்த மற்ற ஆறு பேரும் அதைப் பார்த்தார்கள். தங்கள் வாசல் சுத்தமாக இருந்தது. வரிசையில் எல்லா வாசலும் சுத்தமாக இருந்தது. அவள் வாசலில் மட்டும் நாயின் பின்னங்கால்கள் நின்ற அடையாளம் உப்புப் பூத்துக் கிடந்தது.

தினமும் அப்படியே நடந்தது, தினமும் ஆறு துடைப்பங்கள் விடிவதற்கு முன்னால் சத்தமில்லாமல் வேலை செய்தன. பக்கத்து அளத்திலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். மூட்டுவலிக்காரி ஒருத்தி தடத்தில் பூத்த உப்பைக் கிள்ளி முழங்காலில் தேய்த்துக்கொண்டு, வலி குறைந்தது என்று ஒரு நாளும், முன்னைவிட அதிகம் என்று மறுநாளும் சொன்னாள். வாசல்களில் படிகாரம் தொங்கியது. மெயின் ரோட்டு டீக்கடையில் நாய்க்கால் அளம் எது என்று கேட்டால் கையைக் காட்டினார்கள். இரண்டு வருஷமாகப் பேசாத ராசக்கனியும் சந்தனமாரியும் அந்த வாரம் பேசிக்கொண்டார்கள்.

“மைனி, பாத்தியளா? மந்திரத்துல காலக் கட்டி வச்சிருக்கா,” என்றாள் ராசக்கனி.

“அவ வந்த அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன். ஒங்கிட்டதான் பேச்சு இல்லியே.”

“நாயி கிட்ட இவளுக்கு என்ன பகை?”

“பகை இல்லட்டி. ராத்திரி காவலுக்கு. தனிப் பொம்பள பாரு, ரெண்டு காலு நின்னா போதும்லா.”

வரப்பில் எதிரே வந்த இருளாயியை ராசக்கனி நேராகவே கேட்டுவிட்டாள். “ஏட்டி, நாய்க்காலக் கட்டி வச்சிருக்கியாமே?”

“நான் கட்டலயே மதினி. அதுவாத்தான் வருது, அதுவாத்தான் நடக்குது. நான் பின்னாடி போறேன்.”

“கேட்டியளா, ஒத்துக்கிட்டா,” என்றாள் ராசக்கனி.

பொன்னுத்துரை, நாயையே கேட்டுவிடலாம் என்றார். ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசையாமல், ஏழு பேரும் தனித்தனியாக ஏழு உருண்டை பிடித்து, ஏழு ஓலைத் துண்டுகளில் வைத்து வரிசையாக அடுக்கினார்கள். குற்றம் உள்ள கையின் உருண்டையை நாய் தொடாது என்பது எண்ணம். பொரியைச் சாக்கோடு தூக்கிவந்து முன்னால் விட்டார்கள். அது ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. பிறந்ததிலிருந்து தனித்தனிச் சோற்றை அது கண்டதில்லை, அதனால் இது தனக்கு வைத்தது இல்லை என்று நினைத்ததோ என்னவோ, மறுபக்கம் போவதற்காக அந்த வரிசையின் மேலேயே தன்னை இழுத்துக்கொண்டு போனது. உயிரில்லாத பின்பாதி ஏழு உருண்டைகளையும் தேய்த்து, மண்ணோடு சேர்த்து ஒன்றாகப் பிசைந்தது. பிறகு திரும்பிவந்து, பிசைந்த சோற்றை வழக்கம்போல ஒரு பருக்கை விடாமல் தின்றது.

“அவ உருண்டையையும் தின்னுட்டு. வசியம்தான்,” என்றாள் சந்தனமாரி.

“மத்த ஆறையுந்தான் தின்னுருக்கு,” என்றார் தவசி. அவர் எப்போதும் போல மெதுவாகச் சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பொன்னுத்துரை இருளாயி வாசலுக்குப் போய், தடங்களை மிதிக்காமல் ஒதுங்கி நின்றார்.

“நாளையிலேருந்து வரவேண்டாம் தாயி.”

“அண்ணே, எனக்கு வேற போக்கு இல்ல. தம்பி வீட்டு ஆட்டுக் கொட்டகைதான் இருக்கு. நான் என்ன செஞ்சேன்னு சொல்லுங்க, போறேன்.”

“எல்லாரும் பேசுதாங்க,” என்றார்.

“எல்லாரும்னா யாரு?”

“எல்லாருந்தான்.”

அவள் மூட்டையைக் கட்டினாள். கொட்டகைக்குப் போய்ப் பொரியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் புரட்டிப் போட்டாள். டாக்டரம்மா சொல்லிப்போன நாளிலிருந்து அதைச் செய்துகொண்டிருந்தது அவள் ஒருத்திதான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் பஸ் ஏறினாள். போகிற வழியில் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை, ஆனால் ஆறு வீட்டு ஜன்னலும் திறந்திருந்தன.

மறுநாள் விடியற்காலை தடங்கள் பொன்னுத்துரை வாசலில் நின்றன. அவள் போனால் கட்டு அவிழ்ந்து கால் நாயிடம் போய்விடும் என்று நம்பிப் படுத்திருந்த அவர், பதறித் துடைப்பத்தோடு பாய்ந்தார். கொட்டகைச் சாவி கேட்க அதே நேரம் லிங்கத்துரை வந்துகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி! ஒங்க வாசல்லயுமா?”

“ஒங்க வாசல்லயுமான்னா? அப்ப ஒன் வாசல்ல?”

சத்தம் கேட்டு மூன்றாம் கதவு திறந்தது, நான்காவது திறந்தது, ஐந்தாவது, ஆறாவது. வெளியே வந்த ஒவ்வொருவர் கையிலும் துடைப்பம் இருந்தது. ஆறு பேர், ஆறு துடைப்பம்.

“நீதான முதல்ல அவ பேரச் சொன்ன?” என்று பொன்னுத்துரை ராசக்கனியைப் பிடித்தார்.

“நான் சொன்னேன், வேலைய விட்டு நிறுத்துனது யாரு?”

“ஒங்க கருவாட்டு வாய்தான் மைனி எல்லாத்துக்கும் காரணம்.”

“ஊசுன கொழம்ப ஊத்துனவ பேசுதா பாரு!”

ராசக்கனிக்கும் சந்தனமாரிக்கும் மறுபடி பேச்சு நின்றது. அந்த இடைவெளியில் தவசியின் குரல் முதல்முறையாக எல்லோருக்கும் கேட்டது. “ஆறு வாசல்ல வெரட்டுனா, அது ஏழாவது வாசல்லதான போயி நிக்கும்.”

பொன்னுத்துரை கீழே பார்த்தார். தடங்கள் வாசற்படியைப் பார்த்து நின்றன, ஒரு முழம் தள்ளி, நாய் தினமும் நிற்கும் அதே இடத்தில், தினமும் நிற்கும் அதே நேரத்தில்.

“இது பழி கேக்க வரல அண்ணாச்சி,” என்றாள் ராசக்கனி. “வேலைக்குக் கூப்பிட வந்திருக்கு.”

பொன்னுத்துரை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு வெளியே வந்தார். தடங்கள் திரும்பின. அவருக்கு முன்னால் இரண்டு இரண்டாக இரண்டாம் வாசலுக்குப் போயின, அங்கே நின்றன. லிங்கத்துரை சேர்ந்துகொண்டார். மூன்றாம் வாசலில் ராசக்கனி, நான்காம் வாசலில் சந்தனமாரி, ஐந்தாம் வாசலில் ஞானதாசன், ஆறாம் வாசலில் தவசி. ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு தடங்கள் ஏழாம் வாசலுக்குப் போய் நின்றன. கதவு பூட்டியிருந்தது. வெயில் வந்தது, பாத்திகளில் உப்பு பொரியத் தொடங்கியது, தடங்கள் நகரவில்லை. துடைப்பத்தால் பெருக்கிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் வேறு வாசல் இல்லாததால் அதே வாசலில் மறுபடி பதிந்தன. ஞானதாசன் பின்பக்கமாக உள்ளே போய் இருளாயி குரலில், “செத்த நில்லு, கஞ்சியக் குடிச்சிட்டு வாறேன்,” என்றான். தடங்கள் படிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து, முன்னைவிட ஆழமாக நின்றன. அவன் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான்.

அன்று தகர மூடியில் ஆறு கைச் சோறுதான் விழுந்தது. பொரி மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. டாக்டரம்மா மறுபடி வந்து இடுப்பில் புண் வைக்கத் தொடங்கியிருப்பதைக் காட்டி, “காலு வரணும்னா இந்நேரம் வந்திருக்கணும். சாப்பிடாம இப்படியே கெடந்தா தாங்காது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுத்துரை இருளாயியைக் கூட்டிவரச் சாயல்குடிக்குப் போனார். தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினார். இருளாயி அவரைத் திட்டவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. எல்லா வாசலுக்கும் வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றார். ஆறு பேரும் விரட்டினீர்களா என்று கேட்டாள். விரட்டினோம் என்றார். “அப்ப ஆறு பேரும் வந்து எம் வாசல்ல நில்லுங்க. கூப்பிடக் கூடாது, கதவத் தட்டக் கூடாது. அது நின்ன மாதிரி நிக்கணும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

ஆறு பேரும் போனார்கள். பஸ்ஸில் ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யார் முதலில் வாயைத் திறந்து தன் பேரைக் கெடுப்பார்களோ என்று மற்ற ஐந்து பேரையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் தம்பி வீட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். கூப்பிடவில்லை, தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரு கூடிவிட்டது.

“யாரு இவுங்க?”

“பொண்ணு பாக்க வந்தவுகளா இருக்கும்.”

“அப்ப ஏன் இப்படி நிக்கிறாக?”

“மப்டி போலீசா?”

“போலீசு வெயில்ல நிக்குமாக்கும்! இது வேற என்னமோ. அந்த வீட்டுல ஏதோ தப்பு நடந்திருக்கு. இல்லாட்டி அந்த வாசல்ல மட்டும் ஏன் வந்து நிக்கணும்?”

அதைக் கேட்டதும் கதவு திறந்து இருளாயியின் தம்பி பெண்டாட்டி துடைப்பத்தோடு வெளியே வந்தாள். வாசலைப் பெருக்கினாள். அவர்கள் கால்களைப் பார்த்தே பெருக்கினாள். புழுதி முழங்கால் வரைக்கும் ஏறியது. பெருக்கிவிட்டு உள்ளே போய், சற்று நேரம் கழித்து மறுபடியும் வந்து பெருக்கினாள்.

முதலில் ஞானதாசன் பீடி வாங்கிவரப் போனான், திரும்பவில்லை. மோட்டாரை யார் போடுவார்கள் என்று லிங்கத்துரை இரண்டு தடவை கேட்டார், யாரும் பதில் சொல்லாததால் பஸ்ஸுக்குப் போனார். தலை சுற்றுகிறது என்று சந்தனமாரி எதிர்வீட்டு நிழலுக்குப் போய், அங்கே கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். தவசி வெயிலையும் தாங்கினார், புழுதியையும் தாங்கினார். அத்தனை கண்கள் தன்னைப் பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை. தெருக்கோடி வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்று, அங்கிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்தபோது தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. இருளாயி வாசற்படியில் வந்து நின்றாள். முகங்களைப் பார்க்கவில்லை, கீழேதான் பார்த்தாள்.

“எத்தன பேரு வந்தீங்க?”

“ஆறு,” என்றார் பொன்னுத்துரை.

“மிச்சம்?”

ராசக்கனி திரும்பிப் பார்த்தாள். பொன்னுத்துரையைத் தவிர வரிசையில் யாரும் இல்லை.

“ரெண்டு பேரு மதினி,” என்றாள். இருளாயியை அவள் மதினி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இருளாயி புழுதி படிந்த அந்தப் பாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “செத்த நில்லுங்க. கஞ்சியக் குடிச்சிட்டு வாறேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. தம்பி பெண்டாட்டி மறுபடியும் துடைப்பத்தோடு வந்தாள், பெருக்கினாள். வேப்பமரத்தடியிலிருந்து பார்க்கும்போது, வாசற்படிக்கு ஒரு முழம் தள்ளி, அசையாமல், அந்த வாசலில் மிச்சம் நின்ற கால்கள் நான்கு.